இரவு ரயிலில் அடுத்தவர் தூக்கம்

ரயிலில் இரவு 10 மணிக்கு மேல் செல்போனில் சத்தமாகப் பாட்டு வைக்கவோ உரக்கப் பேசவோ கூடாது என்று ரயில்வே 2022-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் நள்ளிரவில் கீழ் பெர்த்தில் ஒருவர் ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிட, எதிர் பெர்த்தில் அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை வீறிட்டு அழுவது வாடிக்கையாகிவிட்டது. ‘கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்களேன்’ என்று கேட்பவருக்குக் கிடைப்பதோ முறைப்புதான். விடிந்ததும் நேர்முகத் தேர்வுக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டியவர்களும் அதே பெட்டியில்தான் படுத்திருக்கிறார்கள். சக பயணிக்குத் தொல்லை தருவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-வது பிரிவின்படி குற்றம். 139 என்ற எண்ணில் புகார் வந்தால் டிக்கெட் பரிசோதகர் உடனே வந்து கண்டிக்க வேண்டும். அதற்கும் அடங்காதவர் மீது சட்டப்படி நடவடிக்கை பாய வேண்டும். பயணிகளும் இயர்போனைப் பையில் எடுத்துவைக்கப் பழக வேண்டும்.