வைன் ஜாடியும் ஊறுகாய் ஜாடியும்

திராட்சை வைன் எப்படிப் போடுவது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பாட்டுதான். திராட்சை ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. பீங்கான் ஜாடியில் போட்டு மூடி வை, தினம் ஒரு தடவை கிளறு, 21 நாள் கழித்து வடிகட்டு. அவ்வளவுதான். சரி, ஜாடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் ஒரே வார்த்தையில் பதில் வரும்: "கழுவினேன்". எனக்கு இந்த வார்த்தையோடுதான் சண்டை.

திண்டுக்கல்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சின்னாளபட்டி, வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி பக்கம் போய்ப் பாருங்கள், பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. (2023-ல் புவிசார் குறியீடு என்னவோ கம்பம் பன்னீர் திராட்சைக்குத்தான் கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சல் தனிக்கதை.) விலை இறங்கும்போது இந்தப் பழத்தை என்ன செய்வது என்பது இங்கே நிஜமான கேள்வி. பறித்த சில நாட்களில் காம்பிலிருந்து உதிர்ந்து, அழுக ஆரம்பித்துவிடும் பழம் இது.

நடுவில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸுக்காக வீட்டில் போட்டாலும் அப்படித்தான். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ஜாடி வாங்கக் கிளம்ப வேண்டாம். அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். இங்கே இருப்பவர்கள் இதையே திராட்சை ஸ்குவாஷுக்கு வைத்துக்கொள்ளலாம், பாத்திரப் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருவோம். சுத்தம் செய்வது ஒரு வேலை. கிருமி நீக்குவது இன்னொரு வேலை. முதலாவது கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை எடுப்பது: பழத்தோல், சர்க்கரைப் பிசுக்கு, எண்ணெய். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாததை அடக்குவது. இந்த வரிசையை மாற்றவும் முடியாது. பிசுக்கு ஒட்டிய ஜாடியில் எந்த மருந்தை ஊற்றினாலும் பிசுக்குக்கு அடியில் இருக்கிற பாக்டீரியா சொகுசாக இருக்கும். நம் ஆட்கள் முதல் வேலையைப் பாதி செய்துவிட்டு இரண்டாவதையும் முடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1856-ல் பிரான்சின் லீல் நகரில் பீட்ரூட்டிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலைக்காரர் ஒருவர், தொட்டியில் சரக்கு புளித்துக் கெட்டுப்போகிறது என்று கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் வந்து நின்றார். ஆலைக்காரரின் மகன் அந்தப் பேராசிரியரின் மாணவன். பேராசிரியர் லூயி பாஸ்டர். அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட், கெட்ட தொட்டியில் வேறு மாதிரி நுண்ணுயிர்கள். ஆக, கெட்டுப்போவது தலைவிதி இல்லை, அழையாத விருந்தாளியின் வேலை. வைன் வினிகராக மாறுவதும் இதே கதைதான். அசிட்டோபேக்டர் என்கிற பாக்டீரியா, காற்று கிடைத்தால் ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். பழத்தில் மொய்க்கும் குட்டி ஈ அதைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு வரும்.

இட்லி மாவுக்கு இவ்வளவு மெனக்கெடுவதில்லையே என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கி, மறுநாளே சட்டிக்குப் போய்விடுகிறது, வேகவும் செய்கிறது. வைன் வாரக்கணக்கில் அடுப்பைப் பார்க்காமல் கிடக்க வேண்டும். ஒப்பிடுவதென்றால் ஊறுகாயோடு ஒப்பிடுங்கள். ஊறுகாய் ஜாடிக்கு வீட்டில் நடக்கும் மரியாதையைப் பார்த்திருக்கிறீர்களா? வெந்நீரில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து, ஈரக்கையோடு யாராவது பக்கத்தில் போனால் ஆச்சி போடும் சத்தம்! அதே வீட்டில் வைன் ஜாடிக்குக் குழாயடியில் ஒரு அலசு. உப்பும் எண்ணெயும் இருக்கிற ஊறுகாய்க்கே அந்தக் கவனம் தேவைப்படுகிறது. வெறும் பழச்சாறு என்ன பாவம் செய்தது?

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், தண்ணீர். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் வந்தால் சரி. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காது, திரிந்து பாத்திரத்தில் படியும். காய்ந்ததும் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். அந்தப் படலத்தின் சொரசொரப்பில் கிருமி ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். முதலில் சிட்ரிக் அமிலத்தையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றி அதைக் கரைக்க வேண்டும். அப்புறம் சலவை சோடா கலந்த சுடுதண்ணீர், நல்ல தண்ணீரில் அலசல். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் பாக்டீரியாவுக்குக் குடியிருப்பு.

இரண்டாவது வேலைக்கு ஸ்குவாஷ் போடுகிறவர்களுக்குத் தெரிந்த கே.எம்.எஸ். இருக்கிறது, பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 10 கிராம், கூடக் கொஞ்சம் சிட்ரிக் அமிலம். அமிலம் சேர்ந்தால்தான் அதன் வேலை ஒழுங்காக நடக்கும். கிளம்பும் கந்தக வாடை மூக்கை அடைக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம். எவர்சில்வர் பாத்திரமென்றால் பத்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரே போதும். கண்ணாடி ஜாடியில் மட்டும் கொதிதண்ணீரைச் சடாரென்று ஊற்றினால் விரிந்துவிடும். பிளீச்சிங் பவுடர் எனக்குப் பிடிக்காது. அதோடு எலுமிச்சையோ வினிகரோ கலந்தால் குளோரின் வாயு வரும், விளையாட்டில்லை.

இன்னொரு பயத்தையும் பேசியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல் செத்ததிலிருந்து, ஜாடி அழுக்காக இருந்தால் வைன் விஷமாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அங்கே கொன்றது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு. அழுக்கு ஜாடியில் அது உண்டாகாது, வைன் புளிக்கும், நாறும், அவ்வளவுதான். நிஜமாகப் பயப்பட வேண்டியது வேறு. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற கெமிக்கல் கேன். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. அதை எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது போகாது. அலுமினிய அண்டா, பித்தளைப் பாத்திரமும் வேண்டாம், திராட்சையின் புளிப்பு உலோகத்தை அரித்துச் சாற்றில் இறக்கிவிடும்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924-ம் பிரிவு, பூசைக்கான வைன் திராட்சையிலிருந்து வந்த இயற்கையான வைனாக, கெடாததாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த "கெடாதது"க்கு ரெசிபிக்காரர்கள் யாரும் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. கிராம்பு நாலா ஐந்தா என்பதில் மட்டும் சண்டை :-)

கடைசியாக அந்த மரக்கரண்டி. ஜாடியை என்னதான் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தாலும், தினம் மூடியைத் திறந்து, நேற்று சாம்பார் கிளறிய கரண்டியை உள்ளே விடுகிறார்களே! மரம் ஈரத்தையும் எண்ணெயையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், மேலே துடைத்தால் போகாது. கிளறித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு எவர்சில்வர் கரண்டியை அதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு நாளும் கொதிதண்ணீரில் போட்டு எடுங்கள்.