நான்காவது ஆளுக்குப் பரிசில்லை

சீட்டாட்டத்தில் சாமர்த்தியம் உண்டா, அல்லது எல்லாம் அதிர்ஷ்டந்தானா என்ற கேள்வியை, ரம்மி திறமை மேலோங்கிய ஆட்டமென்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாள் முதல், தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கிய நாள் வரைக்கும், நம் நீதிபதிகள் திரும்பத் திரும்ப ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். சாமர்த்தியம் உண்டு என்பதே என் அபிப்பிராயமும். சந்தேகிப்பவர்கள், சிறியதொரு போக்கர் போட்டியில், பரிசுக்கு ஓரிடம் முன்னதாக, சொற்ப டோக்கன்களோடு உட்கார்ந்திருப்பவனுடைய நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள் என்றும், முதல் மூவருக்குப் பரிசு 5,000, 3,000, 2,000 என்றும், இப்போது நால்வர் எஞ்சி நால்வரிடமும் டோக்கன் சமமாக இருக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் இடத்துக்கும் மதிப்பு 2,500 ரூபாய். ஒருவன் தன்னிடமுள்ளதை எல்லாம் பணயம் வைக்க, நீங்களும் எல்லாவற்றையும் வைத்து வென்றால், உங்கள் டோக்கன் இரட்டிப்பாகும். ஆனால் உங்கள் இடத்தின் மதிப்போ 5,000 ஆகாமல் ஏறத்தாழ 3,833 ரூபாயோடு நின்றுவிடும், ஏனெனில் எல்லா டோக்கனையும் ஒருவனே வாரிக்கொண்டாலும் அவனுக்கு முதற்பரிசுக்கு மேல் கிடைக்கப் போவதில்லை. ஆகவே 1,333 லாபத்துக்காக 2,500-ஐ இழக்கத் துணிகிறவன், நூற்றுக்கு 65 தடவையேனும் வென்றால்தான் அத்துணிவு நியாயமாகும். கையில் ராணி ஜோடி இருந்து, எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால்கூட, வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைத் தொடாது. இந்தக் கணக்குக்கு ஆதாரம், குதிரைகள் எந்த வரிசையில் வந்து சேரும் என்பதை மதிப்பிட டேவிட் ஹார்வில் 1973-இல் வகுத்த சூத்திரம்; அதைச் சீட்டு மேசைக்கு 1987-இல் கொண்டுவந்தவர் மேசன் மால்முத். (குதிரைப் பந்தயத்தையும் திறமை என்றே 1996-இல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது வேடிக்கையான பொருத்தம்.)

பிறர் பணயத்துக்குப் பதில் சொல்வதில் இத்தனை நிதானம் வேண்டும் என்றால், முதலில் துணிகிறவனுடைய கதை வேறு. சுற்றுக்குச் சுற்று வைத்தாக வேண்டிய கட்டாயப் பணயங்களில் பெரியதைப் போலப் பத்து மடங்கோ அதற்கும் குறைவோ மிஞ்சியவன், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சீட்டை மடக்க வேண்டும், அல்லது எவரும் வாய் திறக்குமுன் எல்லாவற்றையும் முன்னே தள்ள வேண்டும். அப்போது பிறர் அஞ்சி ஒதுங்கினாலும் அவனுக்கு லாபம், ஒருவன் எதிர்த்துச் சீட்டில் தோற்றாலும் லாபம். தன்னிலும் ஏழையாக இன்னொருவன் மேசையில் இருந்தாலோ, அவனைக் கட்டாயப் பணயம் விழுங்கும் வரை நல்ல சீட்டையும் மடக்கிவிட்டுப் பொறுத்திருப்பதே விவேகம்.

சங்கரன்கோவில் பக்கத்து ராயகிரியில் போக்கரைக் கேள்விப்படாதவர்களுக்கும் 101 பூல் ரம்மி தெரிந்திருக்கும். 80 புள்ளிவரை இருபதைக் கொடுத்து ‘ஸ்கூட்’ சொல்லித் தப்பலாம்; 81 ஆனபின் அவ்வழியும் அடைபட்டு, எந்தச் சீட்டு வந்தாலும் ஆடியே தீரவேண்டிய ‘கம்பல்சரி’ நிர்ப்பந்தம் வந்துவிடும். அந்த எல்லையை எட்டுமுன்பே யோசிக்கிறவன்தான் கெட்டிக்காரன் என்பது அங்கே பலருக்கும் அனுபவ பாடம்.

ஆனால், திறமை உண்டென்பதால் மட்டும் பண ஆட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட வேண்டுமா? 65 பங்கு சாதகத்தோடு சரியாகவே முடிவெடுத்தவனும் நூற்றுக்கு 35 தடவை வெறுங்கையோடு எழுந்து போகிறான். அந்த நஷ்டத்தைத் தாங்கி நூற்றுக்கணக்கான தடவை மறுபடி உட்காரப் பணமுள்ளவனுக்கே அவன் திறமை கூலி கொடுக்கும். வயல் வேலைக்குப் போய்வந்து, ஒருநாள் கூலியைக் கைபேசியில் வைத்து ஆடியவனுக்கு அந்த அவகாசம் இருந்ததில்லை. போதாததற்கு, ஆட்டத்தை நடத்திய நிறுவனம் வென்றவன் தோற்றவன் பாராமல் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் இணையவழிப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது, இக்காரணத்தால் எனக்குச் சரியாகவே படுகிறது.

கணக்கின் அழகை இழக்க வேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் சீட்டுக்கட்டை எடுத்தால் பிடுங்காமல், புளியங்கொட்டையைப் பணயமாகக் கொடுத்து, நால்வரில் மூவருக்கே பரிசு என்று விதித்து ஆடவிடுங்கள்.