ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பாட்டில்

நியூஜெர்சியிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். முட்டை சேர்த்த கேக் என்றால் தட்டையே தள்ளி வைக்கும் குடும்பம் அது. காலைக் காப்பி முடிந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டாள். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறாளாம்.

"எப்பப் பாரு அசதி அண்ணா. அட்ரீனல் களைச்சுப் போயிருக்காம். இது மருந்துகூட இல்ல, சப்ளிமென்ட். நேச்சுரல்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். மாட்டின் அட்ரீனல் சுரப்பியை உலர்த்திப் பொடித்தது என்று எறும்பு எழுத்தில் இருந்தது. சித்தி பூஜை அறையில் இருந்தாள். நான் வாய்விட்டுப் படிக்கவில்லை.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி அட்ரீனல். கார்ட்டிசால் உள்ளிட்ட ஹார்மோன்களைச் சுரக்கிறது. அது நிஜமாகவே பழுதாகும் நோய் ஒன்று உண்டு. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்தார். உடம்பு இளைக்கும், தோல் கறுக்கும், ரத்த அழுத்தம் சரியும். 1930களில் விலங்குகளின் அட்ரீனல் சாற்றை ஊசியாகப் போட்டு அந்த நோயாளிகள் சிலரை மீட்டிருக்கிறார்கள். பிறகு கார்ட்டிசோனைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. சாற்றின் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

'அட்ரீனல் களைப்பு' வேறு சங்கதி. அமெரிக்க மாற்று மருத்துவர் ஜேம்ஸ் வில்சன் 1998இல் வைத்த பெயர் அது. 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் 58 ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படியொரு நோய்க்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். இவள் அசதி பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது என்று அசதிக்கு எத்தனையோ வாசல். பாட்டில் கையில் இருந்தால் அந்த வாசல்கள் எதையும் யாரும் தட்டுவதில்லை.

சரி, பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது? 2018இல் மாயோ கிளினிக்கின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்த ரக மாத்திரைகளில் 12 வகையை வாங்கிச் சோதித்திருந்தார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன். பெரும்பாலானவற்றில் ஏதாவதொரு ஸ்டீராய்டு. மூன்றில் புடசோனைடு, ஆஸ்துமா இன்ஹேலரில் வருமே, அதே மருந்து. அது எந்த மாட்டின் சுரப்பியிலும் ஊறாது, ஆலையில் செய்வது. யாரோ கலந்திருக்க வேண்டும், அல்லது எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். அளவு சிறிதுதான். ஆனால் எந்த பாட்டிலில் எது, எவ்வளவு என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஸ்டீராய்டு தாராளமாகவே கலந்த சப்ளிமென்ட்டும் உண்டு. மூட்டுவலிக்கென்று அமெரிக்காவில் விற்ற 'ஆர்ட்ரி கிங்'கில் லேபிளில் சொல்லாத டெக்சாமெத்தசோன் இருப்பதை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. நம்மூரில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கும் மூட்டுவலிப் பொடி சமாச்சாரமேதான். 'மூணே நாள்ல வலி போச்சு' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்துக்கொள்ளும். சுரப்பிக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். வேலையில்லாத சுரப்பி சுருங்கித் தூங்கிப்போகும். ஒருநாள் மாத்திரையைச் சட்டென்று விட்டால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஒரு கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அதாவது, களைத்துப்போகாத சுரப்பியை, களைப்புக்கான மாத்திரையே படுக்கப் போட்டுவிடலாம்.

இதெல்லாம் எப்படிக் கடைக்கு வருகிறது என்றால், 1994இல் அமெரிக்கா போட்ட சட்டத்தின்படி, சப்ளிமென்ட் விற்பவர் அது பாதுகாப்பானது, வேலை செய்யும் என்று நிரூபித்து முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை. புகார் வந்த பிறகுதான் பெரும்பாலும் அரசு எழுந்து வரும்.

இவ்வளவையும் கேட்டவள் பாட்டிலோடு குப்பைக் கூடைக்குப் போனாள். நான் தடுத்தேன். எட்டு மாதம் சாப்பிட்டதை நாமாக நிறுத்துவது சரியல்ல. அன்று மாலையே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கார்ட்டிசால் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு. முடிவு வரும்வரை பாட்டில் இருக்கட்டும் என்றார்.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, லேபிள் சுவர்ப்பக்கம் திரும்பியபடி. திருப்பி வைத்தது அவள்தான்.

"அம்மா கண்ணாடி போட்டுட்டு வந்துடுவாங்க, அண்ணா."