பெரியப்பாவின் கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?

2025-ம் ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, முதலில் இங்கே வா. என் கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம்!"

உள்ளே போய்ப் பார்த்தேன். செத்துப்போன கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது! சிங்கப்பூரில் இருக்கும் அக்கா அதன் திரையில் உட்கார்ந்து, பெரியம்மாவிடம் அதிரசப் பாகுக்குப் பதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னது செத்துப்போச்சு என்று?"

"கடைக்காரத் தம்பிதான். விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். புதுசு வாங்கிவிடுங்கள், 45 ஆயிரம் ஆகும் என்கிறான்."

பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவரிடம் 45 ஆயிரம் இருந்தது. ஆனால் அது பெரியம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு என்று எடுத்து வைத்த பணம்.

இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் இடம் கொடுத்தால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது. இடம் கொடுக்கவில்லையா? பயந்துபோய் புது எந்திரம் வாங்காதீர்கள். வேறு வழி இருக்கிறது.

முடிந்தது எது?

விண்டோஸ் என்பது என்ன? கட்டிட வேலையில் மேஸ்திரி இருக்கிறார் அல்லவா, அது மாதிரி. சிமெண்டு, செங்கல், சித்தாள் எல்லாம் இருந்தாலும், யார் எதைச் செய்வது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைப் பார்ப்பதுதான் விண்டோஸ். அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாப்ட் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29-ந் தேதி. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ந் தேதி வந்தது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. தீபாவளிக்குச் சரியாக ஆறு நாள் முன்பு!

நின்றது பராமரிப்பு மட்டும்தான். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. படம் தெரியும். கடிதம் அடிக்கலாம். மகளோடு பேசலாம்.

அப்படியானால் என்ன கவலை என்று பெரியப்பாவும் கேட்டார்.

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மழைக் காலத்துக்கு முன்பு ஆள் விட்டு ஓடு மாற்றுவோம். ஓர் ஆண்டு மாற்றாமல் விட்டால் வீடு இடிந்துவிடாது. எங்கே ஒழுகும் என்பதுதான் தெரியாது. விண்டோசிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அடைக்க, மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் திருத்தம் அனுப்புகிறது. அதுதான் விண்டோஸ் 10-க்கு நின்றுபோனது.

ஆஸ்பத்திரிகள் தவித்தன

ஓட்டையை அடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2017 மே 12-ந் தேதி உலகமே பார்த்தது.

'வான்னகிரை' என்ற கெட்ட மென்பொருள் ஒன்று கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. உள்ளே இருந்த கோப்புகளை எல்லாம் பூட்டியது. "300 டாலர் கொடு, திறந்து விடுகிறேன்" என்று திரையில் மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் பல தவித்துப்போயின. ஆபரேஷனுக்கு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

வேதனை என்ன தெரியுமா? அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில், வந்துவிட்டது! போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் சிக்கினார்கள்.

ஆகவே, "பழசே போதும், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று காலை நீட்டி உட்காருவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியப்பா பென்ஷன் கணக்கைப் பார்ப்பது அந்தக் கம்ப்யூட்டரில்தான்.

ஏறுமா, ஏறாதா?

இதைக் கடைக்காரரிடம் கேட்கவே வேண்டாம். கம்ப்யூட்டரிடமே கேட்கலாம். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' என்று இருக்கும். அங்கே போனால், விண்டோஸ் 11 ஏறுமா என்பதை அதுவே சொல்லும்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம் நினைவகம் வேண்டும். 64 ஜிபி சேமிப்பு இடம் வேண்டும். இது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இருக்கும். தடங்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, 'டிபிஎம் 2.0'. ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் சின்னஞ்சிறு பெட்டகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில எந்திரங்களில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு பயாசில் அதைப் போட்டுவிட்டால் முடிந்தது. கடைசிவரை பார்க்காமல் "ஏறாது" என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று, எந்திரத்தின் மூளையான பிராசசர். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அவை வரத் தொடங்கியதே 2017-ல்தான். பெரியப்பா வாங்கியது 2016-ல். ஆறாம் தலைமுறை. ஏறாது!

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பத்து ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் உழைத்த எந்திரம். விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. அதைப் போய்க் குப்பை என்பதா? தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்கள். முதல் சில ஆண்டுகளில் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். பாதுகாப்புக்காக என்று மைக்ரோசாப்ட் காரணம் சொல்கிறது. காரணம் நியாயம்தான். ஆனால் அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது?

நான் பட்ட பாடு

ஏறும் என்று தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவசரம் கூடாது. நானே பட்டுவிட்டேன்.

என் வீட்டுக் கம்ப்யூட்டரை ஓர் இரவில், யாரையும் கேட்காமல், விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். எல்லாம் பளபள என்று இருந்தது. ஒரு வாரம் கழித்து மகனுடைய பள்ளிக்கூட வேலைக்கு அச்சு எடுக்கப் போனேன். பழைய பிரிண்டர் "உன்னை யார் என்றே தெரியாது" என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது! அந்த மாடலுக்குப் புது மென்பொருள் போடவே இல்லையாம்.

சரி, பழைய விண்டோசுக்கே திரும்பலாம் என்றால், அதற்குப் பத்து நாள்தான் தவணை. நான் போனது பதினோராம் நாள். அப்புறம் என்ன, அச்சு எடுக்க ஆறு மாதம் தெருமுனைக் கடைக்கு நடந்தேன்.

நீங்கள் மாறுகிற அன்றே பிரிண்டரைப் போட்டுப் பாருங்கள். கணக்கு எழுதும் மென்பொருளைத் திறந்து பாருங்கள். அதற்கும் முன்னால், படம், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். தமிழில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை இருந்தால், அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாமல் கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்கள் கன்னாபின்னாவென்று வந்து நிற்கும்! பெரியப்பா பத்து ஆண்டுத் திருவிழா அழைப்பிதழ்களை எல்லாம் பாமினியில்தான் அடித்து வைத்திருந்தார்.

45 ஆயிரம் தப்பியது

பெரியப்பா கம்ப்யூட்டருக்கு என்ன செய்தோம்?

மாற முடியாத வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாப்ட் ஒரு தவணை கொடுத்தது. 2026 அக்டோபர் 13-ந் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் அனுப்புவதாகச் சொன்னது. இதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது கம்ப்யூட்டரின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் நகல் வைக்கச் சம்மதித்தால் இலவசம்.

பெரியப்பா கொஞ்சம் தயங்கினார். "என் வீட்டு விவரம் அவனுக்கு எதற்கு?" என்றார். நல்ல கேள்வி! பிறகு 30 டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்தார். இலவசத்துக்கே சம்மதித்தார். பாஸ்வேர்டைப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். (அப்படி எழுதக் கூடாது என்றேன். கேட்கவில்லை.)

தவணை முடிந்த பிறகு?

அதற்குத்தான் லினக்ஸ் இருக்கிறது. பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் தொடங்கி வைத்தது. இப்போது உலகம் முழுவதும் ஓடுகிறது. 'லினக்ஸ் மின்ட்', 'உபுண்டு' என்று பல வகை. இலவசம். பழைய எந்திரத்திலும் ஓடும். திருத்தமும் தொடர்ந்து வரும். மகளோடு பேச, கடிதம் அடிக்க, பென்ஷன் பார்க்க அது போதும்.

ஆனால் ஒன்று. கணக்கு எழுதும் மென்பொருள்களில் பல விண்டோசில் மட்டுமே ஓடும். கடை வைத்து, அப்படிப்பட்ட மென்பொருளில் வரவு செலவு பார்க்கிறவர்களுக்கு லினக்ஸ் ஒத்துவராது. அவர்கள் எந்திரம் ஏறாத எந்திரமாக இருந்தால், தவணைக்குள் பணம் சேர்த்துப் புதுசு வாங்குவதுதான் சரி. அந்தச் செலவை நான் தடுக்க மாட்டேன். ஊர்ப் பணம் புழங்குகிற இடம் அது.

பெரியப்பா கடை வைக்கவில்லை. அவருக்கு அவசரம் இல்லை.

தை மாதம் பெரியம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் என்னைக் கம்ப்யூட்டரில் கூப்பிட்டார்கள். "ஏம்பா, இப்படி இளைச்சுட்டே?" என்றார் பெரியம்மா. பின்னால் சுவரில் புதுத் தினசரி காலண்டர் தொங்கியது. அதன் அட்டையில் பெரியப்பா சிவப்பு மையால் பெரிதாக எழுதி வைத்திருந்தார்:-

"அக்டோபர் 13. தம்பியைக் கூப்பிட வேண்டும்."