ஊர் ஓடினால் கேட்டு ஓடு!

“ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு” என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வெள்ளமும் காட்டுத்தீயும் வந்துற்ற காலத்து உயிர்காக்கப் பிறந்த மொழி அஃது. ஊர் முழுதும் ஓடுகையில் நின்று வினவுவான் மாய்வான் என்பதில் ஐயமில்லை. ஆயின், உயிர்காக்கப் பிறந்த அம்மொழியே இற்றைநாளில் உயிர்போக்குவார்க்கு அரணாயிற்று. கொலைக்கு ஓடும் ஊரோடும் ஒத்து ஓடுவார் உளர். ஓடி முடித்தபின், “ஊர் செய்தது, நான் ஒருவன் என்செய்வேன்?” என்று கைவிரிப்பாரும் உளர். கொலையினும் கொடிது இக் கைவிரிப்பு. கொலை ஒருநாள் நிகழ்வது. கைவிரிப்போ அடுத்த கொலைக்கு நாள் குறித்துக் கொடுப்பது.

2003-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள், முதுகுன்றம் எனும் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் இளம் இணையர் இருவர் கொல்லப்பட்டனர். சாதிச் சுவரைத் தாண்டி மணந்துகொண்டது ஒன்றே அவர்தம் குற்றம். மணமகன் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்து பொறியியல் பயின்றவன். மணமகள் அவ்வூரில் மேலோங்கிய சாதியினள். ஊரார் பலர் கண்முன்னே இருவர்க்கும் நஞ்சு புகட்டப்பட்டது, உடல்கள் எரிக்கப்பட்டன. 18 ஆண்டுகள் கழித்து, 2021-இல், கடலூர் முறைமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவருள் இருவர் காவல்துறையினர்! மேல்முறையீட்டில் இருவர் விடுவிக்கப்பட்டனர். 2025-இல் இந்திய உச்ச முறைமன்றமும் அக் குற்றத்தை உறுதி செய்தது.

முறைமன்றத்தின் கணக்கு அவ்வளவே. அன்று அங்கே நின்று பார்த்த கண்களின் கணக்கை எந்த மன்றம் எடுத்தது? நஞ்சு புகட்டிய கைகள் சில. தடுக்காத கைகள் எத்தனை? அவரெல்லாம் கொலைஞராய்ப் பிறந்தவர் அல்லர். உழுதவர், நட்டவர், பிள்ளை பெற்றவர், பிறர் வீட்டுச் சாவுக்கு அழுதவர். தனித்தனியே நிறுத்தி, “இவ்விருவரையும் கொல்லலாமா?” என்று வினவியிருந்தால், அவருள் பலர் அஞ்சி நடுங்கியிருப்பர். ஒருங்கு நின்றபோதோ வாய் மூடினர். ஏன்?

‘ஊர் சிரித்தது’ என்பதைத் தமிழிலக்கணம் இடவாகுபெயர் என்னும். சிரித்தவர் மாந்தர், சிரிப்போ ஊரின்மேல் ஏற்றிச் சொல்லப்படுகின்றது. இலக்கணத்தில் இஃது அழகு. ஆனால், ‘ஊர் விலக்கியது’, ‘ஊர் ஒதுக்கியது’, ‘ஊர் கொன்றது’ என்னுமிடத்து அவ் வாகுபெயர் குற்றவாளியின் பதுங்கு குழியாகின்றது. ஊர் என்பது மண். அதற்கு வாயில்லை, கையில்லை, அரிவாளில்லை. பெயரும் முகமும் உடைய உயர்திணை மாந்தர் செய்த கொடுமையை அஃறிணை மண்ணின்மேல் ஏற்றிவிட்டு அவரவரும் வீடு திரும்புகின்றனர்.

இவ் வாய்மூடலின் வேரை ஆராய்ந்தவருள் ஒருவர், அமெரிக்க உளவியல் அறிஞர் சாலமன் ஆசு. அவர் 1951-இல் வெளியிட்ட ஆய்வு மிக எளியது. ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதற்கோட்டின் நீளத்தை ஒத்த கோடு எது என்று அனைவரும் கேட்க உரக்கச் சொல்லல் வேண்டும். சிறுபிள்ளையும் பிழையின்றிச் சொல்லத்தக்க வினா! ஆனால், குழுவில் ஒருவர் தவிர ஏனையோர் ஆய்வாளரோடு முன்னரே பேசிவைத்துக் கொண்டவர்கள். 18 சுற்றுகளுள் 12-இல் அவரனைவரும் ஒரே குரலாகப் பிழையான கோட்டையே காட்டினர். அவர்க்குப் பின் விடைசொல்ல வேண்டிய அந்த ஒருவர் தம் கண் கண்டதைச் சொல்வாரா, குழு சொன்னதைச் சொல்வாரா என்பதே ஆய்வு.

தனித்து விடையளித்தபோது நூற்றுக்கு ஒன்றும் பிழையாத மாந்தர், குழுவிடை அமர்ந்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 37 விடைகளில் குழுவின் பொய்யையே வழிமொழிந்தனர். ஏறத்தாழ நால்வருள் மூவர் ஒருமுறையேனும் தம் கண்ணைத் தாமே மறுத்தனர். அங்கே அடிப்பார் இல்லை, ஊர்விலக்கு இல்லை, தண்டம் இல்லை. பின்னர் வினவியபோது, தம் கண்ணையே ஐயுற்றதாகச் சிலர் கூறினர். உண்மை அறிந்தும் தனித்துத் தோன்ற நாணியதாகச் சிலர் கூறினர். கோடு காட்டும் சிறு செயலிலேயே இந்நிலை எனின், சாதிக் கூட்டத்தின் நடுவில் எந்நிலை ஆகும்?

இவ்வளவில் நிறுத்தி, “மாந்தன் ஆட்டுமந்தை, அவனைத் திருத்தவொண்ணாது” என்று முடிவு கட்டுவார் அவ் வாய்வின் மறுபாதியை மறைப்பவர் ஆவர். பொய் சொல்வோர் மூவரான அளவிலேயே அவர்தம் அழுத்தம் ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது. அதற்குமேல் எண்ணிக்கை கூடியும் அழுத்தம் பெரிதும் கூடவில்லை. உரக்கப் பேசும் மூவரே ‘ஊர்’ ஆகிவிடுகின்றனர் என்பது இதன் பொருள். மற்றொன்றும் உண்டு. குழுவுள் ஒரே ஒருவர் உண்மையைச் சொல்லுமாறு செய்தபோது, பொய்யை வழிமொழிவது முன்னையதில் நான்கில் ஒன்றாகச் சுருங்கிற்று. குழு மாந்தனை வளைப்பது உண்மை. ஒரு மாந்தன் குழுவின் பிடியைத் தளர்த்துவதும் அதே அளவு உண்மை. “நான் ஒருவன் என்செய்வேன்?” என்பார்க்கு இதுவே விடை.

“அட்டைக்கோடும் அரிவாளும் ஒன்றாகுமா? மறுத்தவன் தலை போகுமே!” என்பார் உளர். அஞ்சத்தக்கதே. ஆயின், அரிவாளினும் கொடிய படைக்கருவிகளின் முன்னே மறுத்து நின்ற மாந்தரும் வரலாற்றில் உளர்.

1942-இல் நார்வே நாடு இட்லரின் படை பிடியில் இருந்தது. அப்படைக்கு ஏவலாளாகிய குவிசுலிங்கின் ஆட்சி, ஆசிரியர் அனைவரும் அரசு அமைத்த ஒரே சங்கத்தில் சேர வேண்டும் என்றும், இளஞ்சிறார் அனைவரையும் தன் கட்சியின் இளைஞர் அணியில் சேர்க்க வேண்டும் என்றும் சட்டம் செய்தது. மறுப்புமடலுக்கு உரிய வாசகம் மறைவாகப் பள்ளிதோறும் சென்றது. ஆயிரக்கணக்கான ஆசிரியர் அவ்வொரே வாசகத்தை எழுதி, தத்தம் பெயரைக் கையொப்பமிட்டு, தனித்தனியே விடுத்தனர். அவருள் ஏறத்தாழ 1,100 பேர் தளைப்படுத்தப்பட்டனர். பல நூற்றுவர் வடகோடியில் உள்ள கிர்க்கெனெசுக்கு அனுப்பப்பட்டுக் கடுங்குளிரில் வன்பணி செய்தனர். அவர்தம் குடும்பங்களை ஏனையோர் பொருள் திரட்டிக் காத்தனர். பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு மடல்கள் குவிந்தன. அவ் வாண்டு முடியுமுன்னரே ஆசிரியர் வீடு திரும்பினர். ஆட்சியின் திட்டம் மண்ணாயிற்று.

புதுக்கூரைப்பேட்டையில் நின்றதும் ஒரு கூட்டம். நார்வேயில் எழுந்ததும் ஒரு கூட்டம். முன்னதில் எவர்க்கும் பெயரில்லை. ‘ஊர்’ என்னும் போர்வைக்குள் அனைவரும் ஒளிந்தனர். பின்னதில் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே எழுதினர். பெயரை மறைத்துக்கொள்ளக் கூடுவது மந்தை. பெயரை எழுதிக் கொடுக்கக் கூடுவது இயக்கம். ஆள்தொகையால் ஒன்று மற்றொன்று ஆகிவிடாது.

மறுப்பு கொலைக்களத்தில் முளைப்பதன்று. நார்வே ஆசிரியர் மடல் எழுதுமுன் தம்முள் பேசினர். எவர் எவர் துணை நிற்பர் என்றறிந்தனர். சாதிவெறியும் அவ்வாறே முன்கூட்டி வளர்கின்றது. திண்ணையில் ஒருவன் ஓர் இழிசொல் சொல்கின்றான், கேட்டவர் சிரிக்கின்றனர். பங்காளிகள் கூடிய இடத்தில் ஒருவன், “நம் வீட்டுப்பெண் அப்படிப் போனால் வெட்டுவேன்” என்கின்றான், கேட்டவர் தலையசைக்கின்றனர். உள்ளத்தே உடன்படாதவரும் பிறர் வாய்மூடலை உடன்பாடென்று கருதித் தாமும் வாய்மூடுகின்றனர். அவ் வாய்மூடல்கள் சேர்ந்து ஒருநாள் நஞ்சுக் குவளை ஆகின்றன. அத் திண்ணையிலேயே ஒருவன், “இது தவறு” என்று சொல்லியிருப்பின், உள்ளத்தே வெதும்பிய இன்னொருவனுக்கு நா எழுந்திருக்கும்.

இவ் வுரைகல் ஊருக்கு மட்டும் உரியதன்று. மன்றமோ கட்சியோ இயக்கமோ எதுவாயினும், தன்னுள் மறுத்துரைக்கும் ஒருவனை அஃது எவ்வாறு நடத்துகின்றது என்று பார்த்தால் அதன் தரம் விளங்கும். மறுப்பவனை இரண்டகன் என்று தூற்றும் அமைப்பு, எத்துணை உயர்ந்த கொள்கை பேசினும், மந்தையாகும் வழியில் கால் வைத்துவிட்டது. மறுப்பவனைக் கேட்கும் அமைப்பிலேதான் அடுத்தவனுக்கும் உண்மை பேசும் துணிவு பிறக்கும்.

தீ கண்டு ஊர் ஓடினால் ஒத்து ஓடுக. தீ வைக்க ஊர் ஓடினாலோ, குறுக்கே நின்று வினவுக: “எவரைக் கொல்ல? எதன் பொருட்டு?” முதலில் வினவுவான் தனியனாகவே நிற்பான். அவன் அருகே இரண்டாமவனாகச் சென்று நிற்பதே மானமுடையார் கடன்.