மண்டபக் கூரையை 20 வருடத்துக்கு எழுதிக் கொடுக்கும் முன்…



கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை முடிஞ்சு, சாப்பிட்டு, உட்கார்ந்து படிங்க. வர்ற பொதுக்கூட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொரு உறுப்பினரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மண்டபக் கூரையில் சோலார் தகடு போடலாம் என்ற பேச்சு கொஞ்ச நாளாகவே நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுது. நம்ம காசில் போடலாம் என்று ஒரு பக்கம் சொல்றாங்க. கூரையை ஒரு கம்பெனிக்கு 20 வருடம் வாடகைக்கு விட்டுடலாம், நமக்குச் செலவே இல்லை என்று இன்னொரு பக்கம் சொல்றாங்க. தொண்டர்களாகிய நாங்கள் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். எங்கள் கருத்து இது: சோலார் வேணும். ஆனால் அந்தக் கரண்ட் யாருக்குப் போகுது, என்ன விலைக்குப் போகுது என்பதை முடிவு செய்யும் உரிமை கோயிலிடமே இருக்கணும். அந்த உரிமையை இப்பவே எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்கு அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கரண்ட் கொடுத்து வாங்கும் காலம் வரும்போது நாம வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அக்கம்பக்கத்தில் கரண்ட் கொடுத்து வாங்குவதா, அது எப்படி என்று கேட்பீங்க. அன்னதானத்தை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் பத்து கிலோ அரிசி கொண்டு வர்றார். இன்னொருத்தர் இருபது கிலோ. எல்லாம் ஒரே அண்டாவில் விழுது. பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் யார் அரிசி இருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உபயப் புத்தகம் சொல்லும்: இன்றைய சாதத்தில் இத்தனை கிலோ இன்னார் உபயம். கரண்டும் அப்படித்தான். கூரையிலிருந்து தெருக் கம்பிக்குப் போன பிறகு எந்த யூனிட் யாருடையது என்று பிரிக்க முடியாது. இரண்டு பக்கமும் உள்ள ஸ்மார்ட் மீட்டர், இந்த அரை மணி நேரத்தில் இந்த வீடு இத்தனை கொடுத்தது, அந்த வீடு இத்தனை எடுத்தது என்று குறிச்சு வைக்கும். நடுவில் ஒரு கணினிக் கணக்கு இரண்டையும் பொருத்தும். கம்பியும் கம்பமும் தெனாகாவுடையது. அதற்கு ஒரு கட்டணம். மிச்சம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் பேசிய விலை.

இது கற்பனை இல்லை. 2016 ஏப்ரலில் நியூயார்க் புரூக்ளினில் ஒரே தெருவின் இரண்டு பக்கத்து வீடுகள் இப்படிக் கரண்ட் விற்று வாங்கின. அதற்குப் பிறகு இந்தியாவில் லக்னோவிலும் டெல்லியிலும் முன்னோட்டம் நடந்தது. நம்ம நாடும் பின்தங்கவில்லை. செடா என்ற நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் 2019 நவம்பரிலிருந்து 2020 ஜூன் வரை தெனாகாவின் கம்பிகள் வழியாகவே இந்தச் சோதனையை நடத்தியது. கணக்கு பார்த்துக் கொடுத்தது பவர் லெட்ஜர் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம். எட்டு மாதம் ஓடின சோதனை. அதாவது, இந்த நாட்டில் இது தொழில்நுட்ப ரீதியாக முடியுமா என்ற கேள்வி அப்பவே முடிஞ்சு போச்சு. மிச்சம் இருப்பது யாருக்கு, எந்த விதியில் என்ற கேள்விதான்.

இன்னும் பழைய உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கு. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்று ஒரு ஊராட்சி. 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனாக வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கினாங்க. காற்றாலை நின்றது ஊரில் இல்லை, உடுமலைப்பேட்டைப் பக்கம். அங்கே உற்பத்தியான கரண்ட் மின்வாரியக் கம்பியில் ஏறியது. ஊராட்சியின் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் பில்லில் கழிந்தது. மிஞ்சியதை வாரியத்துக்கே விற்று கடனை அடைச்சாங்க. ஒரு கிராம ஊராட்சி இதைச் செய்தது. கூரையை யாருக்கோ வாடகைக்கு விடவில்லை, சொந்தமாக வைத்துக்கொண்டது. அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நாங்க திரும்பத் திரும்பச் சொல்றோம்.

சரி, பாலிக் புலாவ் கணக்குக்கு வருவோம்.

நம்ம பக்கம் காலை வெயில் மலை தாண்டித்தான் வரணும். ஆனால் மத்தியானத்துக்கு மேல் கடல் பக்கம் திறந்து கிடக்கு, நல்ல வெயில். தோராயமாக ஒரு கிலோவாட் தகடு மாதம் 100 யூனிட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்குக் கரண்ட் எப்போ வேணும்? விடியற்காலை பூஜைக்கு, சாயங்கால பூஜைக்கு, ராத்திரி கல்யாண விருந்துக்கு. வெயில் அடிக்கும்போது மண்டபம் சும்மா கிடக்கு. திருவிழா மாதம் பில் எகிறும், மற்ற மாதம் அடங்கிக் கிடக்கும். ஆக நம்ம கூரையில் போட்டால் பாதிக்கு மேல் கம்பிக்குத்தான் போகும். போனதுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் முக்கியம்.

முன்னாடி நெம் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு, கொடுத்த ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிவு, 10 வருடத்துக்கு. அது 2025 நடுவில் மூடியாச்சு. 2026 ஜனவரியிலிருந்து சோலார் ஆதாப் என்ற புதுத் திட்டம். இதில் வீடுகள் கொடுக்கும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும்தான் கழிவு. கோயில் மாதிரி வீடல்லாத இடங்களுக்கு மொத்தச் சந்தை விலைக் கணக்கு. அந்த மாதப் பில்லில் கழிஞ்சது போக மிச்சம் இருந்தா அடுத்த மாதத்துக்குப் போகாது. காலாவதி.

வீட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்க. 2025 ஜூலையிலிருந்து வந்த புதுக் கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட் வரை எரிசக்திக்கு 27.03 சென், உற்பத்தித் திறனுக்கு 4.55 சென், கம்பி வலையமைப்புக்கு 12.85 சென். மொத்தம் 44.43 சென். உங்க வீட்டுக் கூரை கொடுக்கும் யூனிட்டுக்குக் கழிவு 27.03. அதே யூனிட் பக்கத்து வீட்டுக்குள் நுழையும்போது 44.43. நடுவில் 17.40 சென்.

இந்த 17.40 சென்னில்தான் மொத்த வாதமும் இருக்கு. பெரிய மின் நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து பாலத்தைத் தாண்டி வரும் கரண்டுக்கும், இரண்டு வேலி தாண்டி வரும் கரண்டுக்கும் ஒரே கம்பிக் கட்டணம் நியாயமா? ஒரு கணக்குக்கு, ஒரே தெரு வட்டாரத்துக்குள் அது 10 சென் என்று வைத்தால், மிச்சம் 7.40 சென்னை இரண்டு பேரும் பிரிச்சுக்கலாம். கொடுத்தவருக்கு 30.73 சென், வாங்கியவர் கட்டுவது 40.73 சென். இரண்டு பேருக்கும் லாபம், கம்பிக்கும் காசு.

இதற்கு எதிர்ப் பேச்சும் இருக்கு, அதையும் சொல்லணும். கம்பம் சாய்ந்தால் நிமிர்த்துவதும், மழையில் டிரான்ஸ்பார்மர் வெடிச்சா மாற்றுவதும் தெனாகாதான். கூரை உள்ளவர்கள் எல்லாம் கம்பிக் கட்டணத்திலிருந்து நழுவினால், அந்தப் பாரம் கூரை இல்லாத அடுக்குமாடிக் குடும்பங்கள் தலையில் விழும். இது சரியான வாதம். அதனால்தான் நாங்க கம்பிக் கட்டணமே வேண்டாம் என்று கேட்கவில்லை. தூரத்துக்கு ஏற்ற கட்டணம் வேணும் என்று கேட்கிறோம்.

இன்னொன்று. குறைவாகக் கரண்ட் எரிக்கும் வீட்டுக்கு இப்பவே அரசாங்கச் சேமிப்புக் கழிவு கிடைக்குது. அவங்களுக்கு நாம 40 சென்னுக்கு விற்கப் போனால் நட்டம் அவங்களுக்குத்தான். ஆக ஏழை வீட்டுக்கு விற்பது பொருந்தாது. கொடுப்பதுதான் பொருந்தும். இங்கேதான் கோயில் வருது.

கோயிலுக்கு உபயம் என்பது புதுசு இல்லை. எண்ணெய் உபயம், பூ உபயம், அன்னதான உபயம். அதே மாதிரி கரண்ட் உபயம் ஏன் கூடாது? கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, 5 கிலோவாட் தகடு, மாதம் சுமார் 500 யூனிட். பகலில் வீட்டில் ஆள் இல்லை. 400 யூனிட் வெளியே போகுது, ராத்திரிக்குத் திரும்ப எடுப்பது 200 என்று வையுங்க. கழிஞ்சது போக மிச்சம் மாதக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகுது. அதை ஆடி மாதம் அம்மன் பேரில் எழுத ஒரு வழி இருந்தால் எத்தனை பக்தர்கள் சந்தோஷமாக எழுதுவாங்க! அதே போல மண்டபக் கூரையில் மிஞ்சுவதைப் பக்கத்தில் தனியாக இருக்கும் பாட்டி வீட்டு மீட்டருக்கு நாம எழுதலாம். பத்து வெள்ளி கையில் கொடுத்தா வாங்கக் கூச்சப்படுறவங்க உண்டு. பில் குறைஞ்சு வந்தா யாருக்கும் கூச்சம் இல்லை.

"கோயில் கரண்ட் வியாபாரம் பண்ணலாமா?" என்று பெரியவர்கள் கேட்கிறாங்க. மண்டபம் வாடகைக்கு விடுறோம், அர்ச்சனைச் சீட்டு கொடுக்கிறோம். எதையும் இலவசமாக நடத்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அதில் பெரிய சங்கடம் தெரியல. ஆனால் அந்தக் கேள்வியை நாங்க தள்ளவும் இல்லை. கூரையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டால்தான் அது சுத்தமான வியாபாரம். விலையையும் பயனாளியையும் கோயில் தீர்மானிச்சா அதில் தர்மத்துக்கு இடம் இருக்கு.

2025-ல் அரசாங்கம் கிரீம் என்ற திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்காரர்கள் கூரையை ஒரு தொகுப்பாளருக்கு வாடகைக்குக் கொடுக்கலாம். அவர் பல கூரைகளைச் சேர்த்து, அதே வட்டாரத்தில் உள்ளவர்களுக்குக் கரண்ட் விற்பார். நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் அதில் விற்பவர் தொகுப்பாளர். கூரைக்காரருக்கு வாடகை மட்டும். அதுவும் வீட்டுக் கூரைகளை மனசில் வைத்து உருவானது. கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில், தேவாலயம் எல்லாத்துக்கும் இங்கே பெரிய பெரிய கூரை இருக்கு. அதைப் பற்றி யாரும் பேசல. நாம பேசினால்தான் உண்டு.

ஆகவே பொதுக்கூட்டத்தில் நாங்கள் முன்வைக்கப் போகும் கோரிக்கைகள்:

1. எந்த ஒப்பந்தமும் உறுப்பினர்கள் முன்னால் தமிழில் வாசிக்கப்படாமல் கையெழுத்தாகக் கூடாது. கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, திருப்பணிக்காகத் தகட்டைக் கழற்ற வேண்டி வந்தால் யார் செலவு, நடுவில் விலக என்ன வழி என்று தெளிவாக எழுதியிருக்கணும். கும்பாபிஷேகம் 12 வருடத்துக்கு ஒரு முறை வருது. 20 வருட ஒப்பந்தத்துக்குள் ஒரு திருப்பணியாவது நிச்சயம் வரும். இதை யாரும் யோசிச்ச மாதிரி தெரியல.

2. தகடு மண்டபக் கூரைக்கு மட்டும். விமானத்தையோ கோபுரத்தையோ மறைக்கிற மாதிரி எங்கேயும் வேண்டாம். கோபுர நிழல் எந்த நேரம் எங்கே விழுது என்று பார்த்த பிறகுதான் அளவு எடுக்கணும். நிழல் விழுந்த தகடு பாதிக் கரண்ட்கூடத் தராது.

3. சின்னதாகத் தொடங்குவோம். பகலில் நாம எரிக்கும் அளவுக்கு ஏற்ற தகடு முதலில், சொந்தக் காசில், உபயகாரர்கள் உதவியில். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் விதி வரும்போது பெருசாக்கலாம். கூரை எங்கேயும் ஓடிப் போகாது.

4. எத்தனை யூனிட் வந்தது, எத்தனை போனது, எவ்வளவு மிச்சம் என்று மாதா மாதம் உபயப் பலகை பக்கத்தில் ஒட்டணும்.

5. செடாவுக்கும் எரிசக்தி ஆணையத்துக்கும், நம்ம தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு மனு. வழிபாட்டுத் தலங்கள் அக்கம்பக்கத்தாரிடம் கரண்ட் வாங்கவும் கொடுக்கவும் அனுமதி, அருகில் என்றால் குறைந்த கம்பிக் கட்டணம், மிஞ்சிய யூனிட்டைத் தானமாக எழுத வழி. இந்த மூன்று போதும். மற்ற சமய நண்பர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் மனுவுக்குக் கனம் கூடும்.

வாடகை ஒப்பந்தத்தை ஆதரிக்கும் நிர்வாகத்தார் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. பில் கட்டும் கஷ்டம் அவங்களுக்குத்தான் தெரியும். செலவில்லாமல் வருதே என்று நினைப்பது இயற்கை. ஆனால் இந்த மண்டபம் தோட்டத்தில் வேலை செய்தவங்க கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசில் எழுந்தது. அதன் மேல் விழும் வெயிலும் அவங்க பிள்ளைகளுக்குப் பயன்படணும் என்று கேட்பது தப்பில்லையே.

கருத்து மாறுபட்டால் கீழே எழுதுங்க, பொறுமையாகப் பதில் சொல்றோம். வீட்டில் ஏற்கெனவே சோலார் போட்டிருப்பவங்க, கடைசி மூன்று மாதப் பில்லைப் பேர், கணக்கு எண் மறைச்சு எங்களுக்கு அனுப்புங்க. எத்தனை யூனிட் வெளியே போகுது, எவ்வளவு வீணாகுது என்று ஒரு உண்மைக் கணக்கு கையில் இருந்தால் மனு பலமாக இருக்கும். பொதுக்கூட்டத்துக்கு மறக்காமல் வாங்க. பெண்களும் இளைஞர்களும் அவசியம் வரணும். கையைத் தூக்கும் முன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிங்க.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். 🙏

— ஆலயத் தொண்டர்கள், பாலிக் புலாவ்