படிவம் நிரப்பினால் ஆய்வோ?

செயலி செய்கிற எங்கட பொடியள் கனபேருக்கு, பயனர் ஆய்வு எண்டால் வாட்ஸ்அப் குழுவில கூகுள் படிவம் ஒண்டைப் போடுறதுதான். "இப்பிடி ஒண்டு வந்தால் பாவிப்பீங்களோ?" எண்டு கேட்டால், எந்தச் சிநேகிதன் மாட்டன் எண்டுவான்?

கென்யாவின் எம்-பெசாவைப் பாருங்கோ. நுண்கடன் தவணையைக் கைத்தொலைபேசியால் கட்டுவதற்கென்றுதான் 2005இல் அதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். சனமோ அதில் ஆளுக்காள் காசு அனுப்பத் தொடங்கிவிட்டது. சஃபாரிகொம் அதைக் கவனித்தது. 2007இல் ஊருக்குக் காசு அனுப்பும் சேவையாகவே வெளியிட்டது. கடன் தவணையைப் பற்றிக் கேட்கிற படிவத்தில் இது அகப்பட்டிருக்குமோ?

மீன் விக்கிற அக்காவுக்குச் செயலி செய்யிறதெண்டால், விடியச் சந்தைக்குப் போய் ரெண்டு நாள் பக்கத்தில நில்லுங்கோ. ஈரக்கையோட அவ போனைத் தொடுறாவோ, மகனிட்டக் குடுக்கிறாவோ எண்டு முதலில பாருங்கோ.